ஒழுகாத வீட்டுக்கு ஒரு வரைபடமும் ஒரு கொப்பியும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. 7 வருடத்துக்கு முன் கொங்கிறீற் தட்டு போட்டோம். ஒவ்வொரு மாரிக்கும் ஹோலில் மின்விசிறிக் கொக்கியால் தண்ணீர் சொட்டுகிறது. மூன்று தடவை வெவ்வேறு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தும் நிற்கவில்லை. வருகிற தைக்குப் பிறகு மேல்மாடி வேலை தொடங்கப் போகிறோம். இரண்டு குளியலறையும் ஒரு பல்கணியும் வரும். எந்தப் பூச்சு நல்லது? எத்தனை வருட உத்தரவாதம் கேட்கவேண்டும்?

பதில்: தங்கச்சி, பூச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மின்விசிறியின் சுற்றை மெயினில் நிறுத்திவிடுங்கள். வயர் போகும் குழாயால் தண்ணீர் வருகிற வீட்டில் மின்விசிறியின் ஆளியை (சுவிச்சை) தொடவே கூடாது.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். பின்னால் மேல்மாடி கட்டலாம் என்று தூண்களுக்கு மேலே நீட்டி விட்டிருப்பீர்களே, அந்தக் கம்பிகளின் அடியைக் குனிந்து பாருங்கள். 7 வருட உப்புக்காற்றில் கம்பி கறள் கட்டிப் பருத்து, அதைச் சுற்றிக் கொங்கிறீற் ஒரு வளையம்போல வெடித்திருக்கும். விரல்நகம் உள்ளே போகும். மழை விட்ட பிறகு பார்த்தால் அந்த வளையத்துக்குள் செந்தண்ணீர் நிற்கும். அது கம்பியோடு கீழே இறங்குகிறது. தட்டுக்குள் பதித்த வயர்க் குழாய் எங்கேயாவது குறுக்கிட்டால் அதற்குள் புகுந்து, பத்துப் பதினைந்து அடி ஓடி, குழாய் திறக்கிற இடத்தில் சொட்டுகிறது. அந்த இடம்தான் உங்கள் கொக்கி. நீங்கள் மூன்று தடவையும் கொக்கிக்கு நேர்மேலே பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தண்ணீர் உள்ளே போன வழி அதுவல்ல.

நான் பார்த்த ஒழுக்குகளில் தட்டின் நடுவால் வந்தவை மிகக் குறைவு. தட்டும் சுற்றுச்சுவரும் சேரும் மூலை, தண்ணீர் வெளியேறும் வாய், பைப் துளைத்துக்கொண்டு போகும் இடம், கதவின் படி, கம்பி நிற்கும் தூண், இன்றைக்குப் பாதி நாளைக்குப் பாதி என்று கொங்கிறீற் போட்ட பொருத்து. எல்லாமே இரண்டு பொருள் அல்லது இரண்டு வேலை சந்திக்கும் இடங்கள். வீட்டு வரைபடத்தில் இந்த இடங்களில் ஒன்றுகூட இருக்காது. சபைக்கு அனுமதிக்குக் கொடுக்கும் படம் பொதுவாக 1:100 அளவு. அதில் 125 மில்லிமீற்றர் தட்டு ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றுத் தடித்த கோடு. அந்தக் கோட்டுக்குள் எதை வரைவது? ஆகவே மூலை எப்படி முடியவேண்டும் என்பதை மேசன் வெயிலில் நின்று, சாந்து இறுகுவதற்குள், தன் அனுபவத்தை வைத்துத் தீர்மானிக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் கையில் யாரும் ஒரு படத்தைக் கொடுக்கவில்லை.

நீங்கள் எஞ்சினியரிடமோ படம் வரைபவரிடமோ கேட்கவேண்டியது இதைத்தான்: “மேலே சொன்ன ஒவ்வொரு சந்திப்பையும் 1:5 அல்லது 1:10 அளவில் தனித்தனியே வெட்டுமுகமாக வரைந்து தாருங்கள்.” ஏழெட்டுப் படம் வரும், இரண்டு தாளுக்குள் அடங்கும். அதற்குக் கொடுக்கும் காசு, நீங்கள் மூன்று பூச்சுக்கும் கொடுத்ததை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஒழுக்கு தீராமல் இருப்பதற்கு எங்கள் ஊரின் காலநிலையும் ஒரு காரணம். திருகோணமலைக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கட்டட வேலை நடப்பது மாசியிலிருந்து ஆவணி வரை. கச்சான் காற்றில் எல்லாம் காய்ந்து கல்லாகிக் கிடக்கும்போது வீடு அழகாக இருக்கும், கடைசிக் கொடுப்பனவும் போய்விடும், மேசன் வேறு ஊரில் வேலைக்குப் போய்விடுவார். நவம்பரில்தான் தட்டு முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகிறது. அப்போது கேட்க ஆளில்லை. அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு முழு மாரி கழியும்வரை பிடித்துவைப்பதாக எழுதுங்கள். இது புதிய வழக்கமில்லை. பெரிய ஒப்பந்தங்களில் தடுத்துவைப்புப் பணம் என்று வருடக்கணக்காக இருப்பதுதான். வீடு கட்டும்போது மட்டும் கேட்க வெட்கப்படுகிறோம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மேல்மாடி எழும்பிவிட்டால் பழைய தட்டின் பெரும்பகுதி வீட்டுக்குள் நிலமாகிவிடும். அதற்கு மேல் இனி மழை விழாது. ஆகவே அதற்கு நாலாவது பூச்சு வேண்டாம். அந்தக் காசை வேறு ஒன்றுக்குச் செலவழியுங்கள்: கறள் கட்டிய கம்பிகளை எஞ்சினியர் ஒருவர் வந்து அளந்து பார்க்கவேண்டும். அடியில் வெடித்த கொங்கிறீற்றை உடைத்து, கம்பியை வெள்ளையாகும்வரை தேய்த்து, எத்தனை மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதில் புதுக் கம்பியைக் கட்டலாமா, பக்கத்தில் துளைத்து வேறு கம்பி நடவேண்டுமா என்று சொல்லமுடியும். மேல்மாடியின் பாரம் முழுவதும் இறங்கப்போவது அந்த இடத்தால். ஹோலின் சீலிங்கில் எங்கேயாவது சாந்துப்பூச்சு வீங்கியோ, தட்டினால் பொள்ளலாகவோ கேட்டால் அதையும் காட்டுங்கள்.

எதிர்காலத்துக்குக் கம்பி விடுகிறவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. தட்டு போடும்போதே தூணின் அடியை 150 மில்லிமீற்றர் உயரத்துக்குச் சேர்த்து வார்த்துவிடவேண்டும். தட்டில் நிற்கும் தண்ணீர் பிறகு கம்பியின் அடிக்கு எட்டாது. அதற்கு மேலே நிற்கும் கம்பியைச் சீமெந்துப் பால் தடவி, சீமெந்து குறைத்த மெலிந்த கொங்கிறீற்றால் மூடிவிட்டால் வேண்டிய நேரம் உடைத்து எடுக்கலாம்.

அடுத்தது உங்கள் புதுத் தட்டு. நேராகவே கேட்கிறேன்: மேல்மாடிக்கு மேலேயும் தட்டையான கூரை கட்டாயம் வேண்டுமா? மூன்றாவது மாடி கட்டும் எண்ணம் இல்லையென்றால் நல்ல சாய்வில் ஓட்டுக்கூரை போட்டு, தாழ்வாரத்தை இரண்டரை அடிக்குக் குறையாமல் வெளியே விடுங்கள். நகரத்தின் பழைய வீடுகள் எத்தனை மாரியைத் தாங்கி நிற்கின்றன. அவற்றில் எந்தப் பூச்சும் இல்லை, விழுந்த தண்ணீர் நிற்காமல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

தட்டுத்தான் வேண்டுமென்றால் வாட்டத்திலிருந்து தொடங்குங்கள். முடிந்த மேற்பரப்பில் குறைந்தது 80-க்கு 1 இருக்கவேண்டும். அதாவது 4 மீற்றர் தூரத்துக்கு 50 மில்லிமீற்றர் இறக்கம். ஆனால் படத்தில் 40-க்கு 1 என்று வரையச் சொல்லுங்கள். தட்டு தன் பாரத்தில் கொஞ்சம் தொய்யும், மேசனின் கை கொஞ்சம் தவறும், எல்லாம் போக 80-க்கு 1 மிஞ்சும். படத்தில் அம்புக்குறி மட்டும் போட்டால் போதாது, ஒவ்வொரு மூலையின் உயரமும் இலக்கத்தில் இருக்கவேண்டும்.

தண்ணீர் வாய் ஒன்று போதாது. 100 சதுர மீற்றர் தட்டில் ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் தண்ணீர். ஒரே ஒரு வாயில் வேப்பஞ்சருகும் பொலித்தீன் பையும் அடைத்துக்கொண்டால், சுற்றுச்சுவர் கட்டிய உங்கள் மொட்டைமாடி ஒரு குளம். 300 மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் சதுர மீற்றருக்கு 300 கிலோ. வீட்டுத் தளத்தை ஆட்களும் தளபாடமும் என்று சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோவுக்குத்தான் பொதுவாகக் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு வாய் வையுங்கள். அதோடு சுற்றுச்சுவரில், வாயை விடச் சற்று உயரத்தில், நேராக வெளியே கொட்டும் ஒரு பைப்பும் விடுங்கள். அதால் தண்ணீர் கொட்டுவதை வாசலில் நின்று பார்த்தாலே வாய் அடைத்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

சுற்றுச்சுவர் மூலையில்தான் அநேகமான பூச்சுகள் தோற்கின்றன. மத்தியான வெயிலில் தட்டு கொதிக்கும், திடீரென்று மழை விழுந்தால் சுருங்கும். கல்லுச்சுவர் அதே அளவுக்கு அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிர்க்கோடு விழும். இறுகிக் கல்லாகும் பூச்சு அந்தக் கோட்டோடு சேர்ந்து வெடிக்கும். ஆகவே சுவரின் அடி 150 மில்லிமீற்றரைத் தட்டோடு சேர்த்தே கொங்கிறீற்றில் வார்த்து, உள்மூலையைச் செங்கோணமாக விடாமல் சாந்து வைத்துச் சரித்து, பூச்சை அந்தச் சரிவால் ஏற்றி, முடிந்த தளத்திலிருந்து குறைந்தது 150 மில்லிமீற்றர் உயரத்தில் சுவருக்குள் வெட்டிய தவாளிப்பில் முடிக்கவேண்டும். வெறுமனே சுவரில் தேய்த்து விட்டால் நுனி கிளம்பி, பின்பக்கத்தால் தண்ணீர் இறங்கும். சுவரின் தலை உட்பக்கம் சரிந்திருக்கவேண்டும். நீட்டிய விளிம்பின் அடியிலும், யன்னல் மேல் நிழல்தட்டின் அடியிலும், விரல் அகலத்தில் ஒரு சொட்டுத் தவாளிப்பு வேண்டும். அது இல்லாத வீட்டில் தண்ணீர் தட்டின் அடியோடு ஊர்ந்து யன்னல் சட்டத்துக்கு வந்துவிடும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் கரையால் ஏறிய மறுநாள் சில வீடுகளைப் பார்க்கப் போனேன். கூரைக்கு ஒன்றும் ஆகாத வீடுகளில்கூட யன்னல் அடியால் தண்ணீர் வந்து மெத்தை ஊறியிருந்தது. யன்னலின் அடிப்படி வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாக இருந்ததுதான் காரணம்.

கொங்கிறீற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 கிலோ சீமெந்துப் பைக்கு மொத்தத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் போகக்கூடாது, மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடக்கம். இளக்கமாக இருந்தால் இழுத்துவிட லேசு என்று தாச்சி தாச்சியாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் தட்டைக் கடற்பஞ்சு ஆக்குகிறது. கடற்கரைக் கிணறுகளில் உவர் இருந்தால் குழைக்கவும் வேண்டாம், ஊறவிடவும் வேண்டாம், பவுசரில் நல்ல தண்ணீர் எடுங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடியிருக்கவேண்டும். கச்சான் அடிக்கும் நாட்களில் விடியவே போட்டு முடித்து, உடனே மூடி, பிறகு 7 நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள்.

குளியலறைக்கு வருவோம். மொட்டைமாடி மாரிக்கு மட்டும்தான் நனையும், குளியலறை நாள்தோறும் நனையும். பழைய தட்டு மட்டமானது என்பதால், பைப்பை மறைக்க 200 மில்லிமீற்றர் உயரத்துக்குச் செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். அந்த நிரப்பு சதுர மீற்றருக்கு 300 கிலோவுக்கு மேல் வரும், உங்கள் பழைய தட்டுக்கு அந்தக் கணக்கு இருந்திராது. அதோடு ஒரு துளி கசிந்தாலும் அந்த உடைசல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கீழே தெரியும்போது மேலே ஒரு தொட்டியே நிரம்பியிருக்கும். பைப்பைத் தட்டுக்குக் கீழே இறக்கி, கீழ்வீட்டின் அந்த மூலைக்கு மட்டும் கழற்றக்கூடிய சீலிங் அடியுங்கள். ஒழுகினால் அன்றைக்கே தெரியும், உடைக்காமல் திருத்தலாம்.

பாலையூற்றில் நான் மேற்பார்வை செய்த ஒரு வீட்டில் குளியலறைக்குப் பூச்சு அடித்து, தண்ணீர் கட்டிப் பார்த்து, சொட்டும் கசியவில்லை என்று உறுதிசெய்தோம். எட்டாம் மாதம் கீழறைச் சுவரில் உப்புப் பூத்தது. உடைத்துப் பார்த்தால், எங்கள் சோதனைக்குப் பிறகு, மாபிள் பதிப்பதற்கு முதல்நாள், கழிவுவாயை நான்கு அங்குலம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மாபிளின் வரி அழகாக வரவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டது நியாயம், பைப்காரர் செய்து கொடுத்ததும் நியாயம். உளி போட்ட இடத்தில் பூச்சு போய்விட்டது என்று பூசியவருக்கு யாரும் சொல்லவில்லை. யார் எப்போது மாற்றியது என்று சொல்ல ஒரு படமோ ஒரு வரி எழுத்தோ இல்லாததால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செலவு முழுவதும் வீட்டுக்காரரின் தலையில் விழுந்தது. அந்த ஒரு வரியை எழுதிவைத்திருக்கவேண்டியவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பி வைக்கிறேன்.

அந்தக் கொப்பியில் எழுதுவது பெரிய வித்தையில்லை. மாபிள் எப்படிப் போகும் என்பதை முதலிலேயே வரைந்து, கழிவுவாயின் இடத்தை இரண்டு சுவர்களிலிருந்தும் அளந்து எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு உளி வைக்கிறவர் திகதியோடு கையெழுத்து வைக்கவேண்டும். எதையாவது மூடுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள்: பைப், வயர்க்குழாய், மூலைச் சரிவு, பூச்சின் ஒவ்வொரு கை. வட்ஸ்அப்பில் மட்டும் விட்டால் போனோடு போய்விடும், அச்சடித்து ஒட்டுங்கள்.

வெறும் வாளிகளையும் எண்ணுங்கள். பூச்சின் தரவுத்தாளில் சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ என்று இருக்கும். உங்கள் குளியலறை 2.4 மீற்றருக்கு 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் 4.3 சதுர மீற்றர், சுற்றிவர 300 மில்லிமீற்றர் சுவர் 2.5, ஷவர் மூலையில் 1.8 மீற்றர் உயரம் வரை பூசுவதற்கு இன்னும் 2.7. ஏறக்குறைய 9.5 சதுர மீற்றர். தாளில் 3.5 கிலோ என்று இருந்தால் 33 கிலோ போயிருக்கவேண்டும். வேலை முடிந்த பிறகு 20 கிலோ வாளி ஒன்றுதான் வெறுமையாகக் கிடக்கிறதென்றால், பூசியது அரைத் தடிப்புக்குச் சற்று மேல்தான். இந்தக் கணக்கை வீட்டில் நிற்கிற யாரும் பார்க்கலாம். வாளியில் உள்ள தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் படம் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் கட்டிப் பார்ப்பதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். வாயை அடைத்து, மேடான இடத்திலும் 25 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கும்படி நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணித்தியாலம் விடுங்கள். மொட்டைமாடியில் எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகவும் குறையும், “வெயில் குடித்துவிட்டது” என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அதிலும் கோடு போட்டு வையுங்கள். வாளியில் 10 மில்லிமீற்றரும் தட்டில் 18 மில்லிமீற்றரும் குறைந்திருந்தால், மிச்ச 8 எங்கேயோ உள்ளே போயிருக்கிறது. இரண்டு கோட்டையும் படம் எடுத்து ஒட்டுங்கள். மாபிள் பதிக்க முன் ஒரு தடவை, பதித்த பிறகு ஒரு தடவை.

பல்கணியில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: அறையின் நிலத்தை விடப் பல்கணியின் முடிந்த நிலம் தாழ்ந்திருக்கவேண்டும், கதவின் அடியில் கொங்கிறீற் படி இருக்கவேண்டும். பழைய தட்டில் இரண்டும் ஒரே மட்டம் என்பதால், மாபிள், சாந்து, பூச்சு எல்லாவற்றின் தடிப்பையும் கூட்டி, அறையின் நிலத்தை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். கதவு வாங்கிய பிறகு போட்டால் சரிவராது.

இனி நீங்கள் கேட்ட பூச்சு. குளியலறைக்கும் பல்கணிக்கும் இரண்டு பாகமாக வரும், வளைந்து கொடுக்கும் சீமெந்துப் பூச்சு போதும், அதற்கு மேல் மாபிள் நன்றாகப் பிடிக்கும். திறந்த தட்டுக்கு அதையோ, சூடுகாட்டி ஒட்டும் தார் மெம்பிரேன் விரிப்பையோ போட்டு, மேலே சாந்துப் படை ஒன்றால் மூடுங்கள். தாரை வெயிலில் திறந்து விட்டால் சில வருடத்தில் வெடித்துவிடும். அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு சூட்டைக் குறைக்க நல்லது, ஆனால் தண்ணீர் தேங்கும் தட்டில் அதை நம்பமுடியாது. உத்தரவாதம் 10 வருடமா 15 வருடமா என்பதை விட, அந்தத் தாளில் எதெல்லாம் சேராது என்று எழுதியிருக்கிறதோ அதை வாசியுங்கள். வெடிப்பு, அசைவு, பிறர் துளைத்தது என்று மூன்று வரி இருந்தால், உங்கள் வீட்டில் நடக்கக்கூடிய எல்லாமே அதற்கு வெளியே போய்விடும். பின்னால் டிஷ் அன்ரெனாவுக்கும் சோலருக்கும் ஆட்கள் வந்து பத்து நிமிடத்தில் தட்டில் துளை போட்டுவிடுவார்கள். அவற்றுக்கான சிறு கொங்கிறீற் மேடைகளை இப்போதே படத்தில் சேர்த்து வார்த்துவிடுங்கள்.

தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மாரியை வீணாக்காதீர்கள். நல்ல மழை விட்ட உடனே ஒரு சோக்கட்டியோடு மேலே ஏறி, தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போட்டு, படம் எடுங்கள். வெயில் எறித்த நாளில் சாந்தால் சிறு வரம்பு கட்டி, ஒரு நேரத்தில் ஒரு தூணின் அடிக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கீழே கொக்கியில் எப்போது சொட்டுகிறது என்று நேரம் பாருங்கள். எந்தத் தூணுக்கு விட்டபோது சொட்டியது, எத்தனை நிமிடத்தில் என்று எழுதுங்கள். உங்கள் கொப்பியின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும். எஞ்சினியர் கம்பியைப் பார்க்க வரும்போது அந்தப் பக்கத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.